அடங்குதலும் அடக்குதலும்: தாவரக் கலமும் ஓர் அறவியல் வினாவும்

இயற்கையை மனித வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வழக்கம் மிகத் தொன்மையானது. மரத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் அறத்தை எடுத்துக் கூறாத இலக்கியம் தமிழிலும் இல்லை. பிற மொழிகளிலும் இல்லை எனலாம். ஆயின் இவ்வழக்கத்துள் ஓர் இடரும் பொதிந்துள்ளது. இயற்கையில் நிகழ்வது யாதோ அதுவே நிகழத்தக்கது என்று கருதிவிடின், உலகில் உள்ள எந்த ஏற்றத்தாழ்வுக்கும் இயற்கையிலிருந்து ஒரு நியாயத்தைத் தேடிக்கொள்ளுதல் எளிதாகிவிடும். எனவே இயற்கையிடம் கற்போர் எதைக் கற்கலாம், எதைக் கற்கலாகாது என்னும் வரையறையை முதலில் தெளிதல் வேண்டும்.

இவ்வரையறையைச் சோதித்தற்கு ஏற்றதொரு துறை, தாவர வளர்ச்சியின்போது றைபோசோமல் ஆர்.என்.ஏ. ஆக்கம் கட்டுப்படுத்தப்படும் முறை பற்றிய ஆய்வாகும். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது தாவரவியலாருக்கு மட்டும் உரிய நுண்பொருளாகத் தோன்றலாம். ஆயினும் அதனுள்ளே, முழுமையின் நலன் கருதி ஒரு பகுதியைப் பேசாதிருக்கச் செய்தல் தகுமா என்னும் பழைய வினா புதிய உருவில் அமைந்திருக்கிறது. ஊவா மாகாணத்தின் தேயிலை மலைகளிலும் மொனராகலையின் வரண்ட சமநிலங்களிலும் அவ்வினா வெறும் கருத்துப் பயிற்சியாக நின்றதில்லை. பல தலைமுறையினரின் வாழ்வு அதற்கு விடையாக அமைந்துள்ளது.

முதற்கண் அறிவியற் செய்தியை நோக்குவோம். உயிருள்ள ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே ஆக்கிக்கொள்கிறது. இவ்வாக்கம் நிகழும் பட்டறைகளே றைபோசோம்கள். உயர் தாவரங்களில் றைபோசோம் ஒவ்வொன்றும் நான்கு வகையான றைபோசோமல் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளாலும் ஏறக்குறைய 80 புரதங்களாலும் ஆனது. நான்கனுள் மூன்று, கருவினுள்ளே உள்ள புன்கருவில், நீண்ட ஒரே மூலக்கூறாக முதலில் எழுதப்பட்டுப் பின்னர்த் துண்டாக்கப்படுபவை. நான்காவது வேறிடத்தில் ஆக்கப்பட்டு வந்து சேர்கிறது. கலமொன்றிலுள்ள ஆர்.என்.ஏ. முழுவதனையும் நிறுத்துப் பார்ப்பின், அதில் ஐந்தில் நான்கு பங்களவு றைபோசோமல் ஆர்.என்.ஏ. ஆகவே இருக்கும். வளரும் கலமொன்றின் செலவினங்களுள் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று என்பது இதனாற் பெறப்படும்.

இத்துணைப் பெருந்தேவையை ஒரு பரம்பரையலகினால் நிறைவேற்ற இயலாது. ஆதலின் தாவரங்கள் இவ்வலகின் பிரதிகளை நூற்றுக்கணக்கிலும், சில இனங்களிற் பல்லாயிரக்கணக்கிலும் கொண்டுள்ளன. அவை நிறமூர்த்தங்களின் குறிப்பிட்ட சில இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்பட்டுக் கிடக்கின்றன. 1934 ஆம் ஆண்டில் பார்பரா மக்கிளின்ரொக் என்னும் அமெரிக்க அம்மையார், சோளத்தின் ஆறாம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட பகுதியே புன்கருவை ஒழுங்கமைக்கிறது என நிறுவினார். பிற்காலத்தில், அப்பகுதியே றைபோசோமல் ஆர்.என்.ஏ. அலகுகள் தொகுதியாக அமைந்துள்ள இடம் என்பது தெளிவாயிற்று.

இவ்வலகுகள் எக்காலத்தும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. உலர்ந்த வித்தினுள் ஆக்கம் நின்றிருக்கிறது. தாய்த்தாவரம் சேமித்து வைத்த றைபோசோம்களே அங்கு உள. வித்து நீரை உறிஞ்சியதும் முதலில் அச்சேமிப்பே பயன்படுகிறது. பின்னர்ச் சில மணி நேரத்தில் புதிய ஆக்கம் தொடங்குகிறது. வேர்நுனியிலும் தண்டுநுனியிலும் உள்ள பிரியிழையங்களில் ஆக்கம் உச்சத்தை அடைய, அக்கலங்களின் புன்கருவும் பருத்துக் காணப்படும். இலை முதிர முதிர ஆக்கம் குறைந்து புன்கருவும் சிறுக்கிறது. ஒளியும் வெல்லமும் போதியனவாக உள்ளபோது வளர்க என்னும் சைகை கலத்துள் எழுந்து ஆக்கத்தைத் தூண்டுகிறது. அவை அருகும்போது, அல்லது வரட்சியும் வெப்பமும் தாக்கும்போது, ஆக்கம் ஒடுங்குகிறது. வரவு குறைந்த காலத்திற் செலவைச் சுருக்கும் இல்லறத்தானின் முறைமை போன்றது இது.

ஊவாத் தேயிலையின் புகழ் இத்தகைய ஒடுக்கத்தோடு தொடர்புடையது என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி. ஏறத்தாழ யூலை முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவின் மீது வரண்ட கச்சான் காற்றாக வீசுகிறது. பசறை, மடுல்சீமை, தெமோதரை, அப்புத்தளை முதலாய பகுதிகளில் அக்காலத்தே கொழுந்து மெல்லவே துளிர்க்கும். கூடையின் நிறை குறையும். ஆயின் உலகச் சந்தையில் ஊவாவுக்கு உரியதெனப் போற்றப்படும் நறுமணம் அம்மாதங்களின் இலையிலேதான் பிறக்கிறது. மெதைல் சலிசிலேற்று முதலான மணப்பொருட்கள் அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. வளர்ச்சி தாழ்ந்த காலமே தரம் உயர்ந்த காலமாதல் இங்குக் காணப்படுகிறது.

ஆக்கத்தின் வேகம் கூடிக்குறைதல் ஒருபுறம் இருக்க, சில அலகுகள் முற்றாகவே அடங்கிவிடுதலும் உண்டு. இதனை முதலிற் கண்டவர் உருசிய அறிஞர் நவாசின் ஆவார். கிரெப்பிஸ் என்னும் சிறு பூச்செடியின் வேறுபட்ட இனங்களைக் கலந்து பெற்ற கலப்பினங்களில், பெற்றோர் இருவருள் ஒருவரின் புன்கரு அமைக்கும் பகுதி மட்டுமே செயற்பட, மற்றவரது பகுதி செயலற்று நிற்பதை அவர் 1934 இல் எடுத்துக்காட்டினார். புன்கரு மேலாட்சி என இந்நிகழ்வு பின்னர் வழங்கலாயிற்று. கோதுமையும் கம்புப்புல்லும் கலந்த திரிற்றிக்கேல் என்னும் பயிரில் கம்புப்புல்லின் அலகுகள் அடங்குகின்றன. கடுகின் சுற்றத்ததாகிய எண்ணெய்ப்பயிர் ஒன்றில் முட்டைக்கோசு வழிவந்த அலகுகள் இலைகளில் அடங்கியுள்ளன. ஆயின் அதே செடி பூக்கும்போது, இலையில் அடங்கியிருந்த அவ்வலகுகள் பூவின் உறுப்புகளில் மீண்டும் செயற்படுகின்றன என 1997 இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

கலப்பினங்களில் மட்டுமன்றி, ஒரே இனத்துக்குள்ளும் இத்தகைய அடக்கம் காணப்படுகிறது. அரபிடொப்சிஸ் என்னும் சிறு களைச்செடி தாவரவியலாரின் ஆய்வுக்கூடங்களிற் பெரிதும் பயிலப்படுவது. அதில் இவ்வலகுகள் இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஒரு தொகுதியாகவும் நான்காம் நிறமூர்த்தத்தில் ஒரு தொகுதியாகவும் உள்ளன. முளைவிட்ட தொடக்க நாட்களில் இரு தொகுதிகளும் இயங்குகின்றன. செடி வளர வளர, நன்கு ஆராயப்பட்ட ஒரு வகையில், இரண்டாம் நிறமூர்த்தத்துத் தொகுதி அடங்கிவிட, நான்காம் நிறமூர்த்தத்துத் தொகுதியே பணியைத் தாங்குகிறது. அடங்கிய அலகுகளின் எழுத்து வரிசை கெடுவதில்லை. அவற்றின் மீது சில வேதியல் அடையாளங்கள் இடப்படுகின்றன, அவ்வளவே. அவ்வடையாளங்களைப் பேணும் நொதியங்களுள் ஒன்றை நீக்கிவிடின் அவை விழித்தெழுந்து செயற்படுகின்றன.

எனின், எந்த அலகு அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யாது? அலகின் குறைபாடு என்று நினைப்பது இயல்பு. ஆனால் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் கிரேக் பிக்கார்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான விடையைத் தந்தது. ஒரே வகையான அலகு ஓரிடத்தில் செயலுற்றும் மற்றோரிடத்தில் அடங்கியும் இருக்கக்கூடும். முடிவு செய்வது அலகின் எழுத்தன்று. அது நிறமூர்த்தத்தில் அமைந்துள்ள இடமே. இச்செய்தி அறவியல் நோக்கிலும் மிகுந்த கவனத்திற்குரியது.

இங்கிருந்து இரு வேறு வழிகள் பிரிகின்றன. முதல் வழியிற் செல்வோர் பின்வருமாறு வாதிப்பர்: தாவரம் தன் முழுமையின் நலனுக்காகச் சில அலகுகளை அடக்கி வைக்கிறது, எல்லா அலகுகளும் எக்காலத்தும் பேசின் தாவரம் தன் வளத்தை வீணே செலவிட்டு அழியும், சமுதாயமும் ஓர் அங்கியே, ஆதலின் சிலர் அடங்கியிருத்தலும் சிலர் ஆளுதலும் இயற்கையின் ஒழுங்கே. இவ்வாதம் இன்று தோன்றியதன்று. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் புருட சூக்தம் நான்கு வருணங்களையும் ஓர் உடலின் நான்கு உறுப்புகளிலிருந்து தோன்றியனவாகக் கூறுகிறது. பிளேற்றோ தமது குடியரசில், மனிதர் பொன்னும் வெள்ளியும் இரும்பும் கலந்து பிறந்தவர் என்னும் கதையைக் குடிகள் நம்பச்செய்தல் நகருக்கு நன்று என்றார். அரிஸ்ரோட்டில் அடிமையை ஆண்டானின் ஒரு பகுதியாகவே கருதினார்.

உரோமாபுரியின் வரலாற்றில் இவ்வாதம் அரசியற் கருவியாகவே பயன்பட்டது. கி.மு. 494 இல் உரோமின் பொதுமக்கள் கடன் கொடுமை தாளாது நகரை விட்டு வெளியேறி ஒரு குன்றில் தங்கியபோது, மெனேனியசு அகிரிப்பா என்பார் அவர்களிடம் தூது சென்று, வயிற்றோடு பிணங்கி உணவூட்ட மறுத்த கைகால்கள் தாமும் மெலிந்த கதையைச் சொன்னார் என்று லிவி என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். மக்கள் திரும்பினர். ஆயின் வெறும் கதையை மட்டும் கேட்டுத் திரும்பவில்லை. தம் சார்பிற் பேசவும் தடுக்கவும் உரிமைபெற்ற அதிகாரிகளைத் தமக்கெனப் பெற்ற பின்னரே இணக்கம் ஏற்பட்டது. கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இப்பிற்பகுதியைச் சொல்வதில்லை.

உடலுவமை வாதத்தின் குறைபாடு எங்குள்ளது? அது இயற்கையைப் பற்றிய பிழையான செய்தி அன்று, செய்தி உண்மையே. குறைபாடு செய்தியிலிருந்து கட்டளைக்குத் தாவும் தாவலில் உள்ளது. உள்ளது என்னும் கூற்றிலிருந்து வேண்டும் என்னும் கூற்று தானே பிறவாது என்பதைத் தாவீது யூம் 18 ஆம் நூற்றாண்டிலேயே சுட்டினார். ஆயினும் அப்பொது மறுப்போடு நின்றுவிடாது, தாவரக் கலத்திற்கும் மனித சமுதாயத்திற்கும் உள்ள வேறுபாடுகளைத் தனித்தனியே எடுத்து நோக்குதல் தெளிவைத் தரும்.

முதலாவது வேறுபாடு: அடங்கிய பரம்பரையலகுக்குத் தனக்கென ஒரு நலன் இல்லை. அது பேசாதிருத்தலால் நோவதில்லை, பேசுதலால் மகிழ்வதுமில்லை. தாவரத்தின் நலன் என ஒன்று உண்டு. அலகின் நலன் என வேறொன்று இல்லை. மனிதரோ சமுதாயம் என்னும் உடலின் உறுப்பாக மட்டும் இருப்பவர் அல்லர். பசியும் மானமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியன. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளாது, நோக்கமாகவும் கொள்க எனக் காண்ட் 1785 இல் வகுத்த விதியின் அடிப்படை இதுவே. சமுதாயத்தின் நலன் என்பது அதன் மாந்தரின் நலனுக்கு வெளியே எங்கும் இருப்பதன்று. ஆகவே ஒரு சாராரின் நலனைக் கணக்கினின்றும் விலக்கிவிட்டு முழுமையின் நலன் பேணப்பட்டது என்பது, தொகையின் ஓர் எண்ணை அழித்துவிட்டுத் தொகை சரி என்பதை ஒக்கும்.

இரண்டாவது வேறுபாடு: கலத்தில் முழுமையின் பெயரால் தீர்ப்புச் சொல்லும் தனி அலகு எதுவுமில்லை. நான்காம் நிறமூர்த்தத்து அலகுகள் கூடி இரண்டாம் நிறமூர்த்தத்து அலகுகளை அடக்குவோம் எனத் தீர்மானிப்பதில்லை. அவ்வடக்கத்தால் தமக்கென ஆதாயம் எதையும் அவை பெறுவதுமில்லை. சமுதாயத்தில் நிலை வேறு. நாட்டின் நலன், பொருளாதாரத்தின் நலன், தோட்டத்தின் நலன் என்று பேசும் குரல் எப்போதும் முழுமையின் ஒரு பகுதியினுடைய குரலாகவே இருக்கிறது. பிறர் அடங்கியிருத்தலால் பயன்பெறும் பகுதியாகவும் அது பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. வழக்கின் ஒரு தரப்பினரே நீதிபதியாகவும் இருக்கும் மன்றத்தின் தீர்ப்பை எவரும் எளிதில் நம்பார்.

மூன்றாவது வேறுபாடே மிக முக்கியமானது. தாவரம் தான் அடக்கி வைத்த அலகைக் கைவிடுவதில்லை. கலம் பிரியுந்தோறும், பேசும் அலகைப் போலவே பேசா அலகும் முறையாகப் படியெடுக்கப்பட்டு மகட்கலத்துக்குக் கையளிக்கப்படுகிறது. அதனால்தான் பூக்கும் காலத்தில் அதனை மீண்டும் அழைக்க முடிகிறது. மனித ஆற்றலுக்கு இக்காவல் இல்லை. பத்து வயதிற் பள்ளியை விட்டு நின்ற சிறுமியின் கல்வித்திறன், அவள் நாற்பது வயதை அடையும்வரை உறையிலிட்ட வாள்போல் காத்திருப்பதில்லை. பயிலாத ஆற்றல் தேய்கிறது. அத்தேய்வு அவள் பிள்ளைகளின் வீட்டுச் சூழலாகவும் மாறுகிறது. தாவரத்தின் அடக்கம் மீளத்தக்கது. சமுதாயத்தின் அடக்கம் பெரும்பாலும் மீளாதது. மீளாத ஒன்றுக்கு மீளத்தக்கதை நியாயமாகக் காட்டுதல் பொருந்தாது.

இவ்வேறுபாடுகளை ஊவாவின் வரலாறு விளக்கி நிற்கிறது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். அவ்வேழனுள் பதுளைப் பகுதியும் இடம்பெற்றிருந்தது. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையோரின் வாக்குரிமையை நீக்கின. 1952 இல் அக்காங்கிரசிலிருந்து ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. நாடற்றோர் நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. இடைப்பட்ட 55 ஆண்டுகள் இரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம்.

இக்காலமெல்லாம் தோட்ட மக்களைப் பற்றிப் பரவலாக நிலவிய கருத்து யாது? அவர்கள் கல்வியில் நாட்டமற்றவர். பொறுப்பான தொழிலுக்கு உதவாதவர். மலையும் கூடையுமே அவர்க்கு இயல்பு என்பதே. பேசாமையைக் கண்டு பேச இயலாமையை ஊகித்த கருத்து இது. ஈண்டுத்தான் தாவரக் கலம் ஒரு தெளிவான சான்றைத் தருகிறது. செயலற்றிருத்தல் திறனற்றிருத்தலுக்குச் சான்றாகாது. ஒரே அலகு ஓரிடத்தில் அடங்கியும் மற்றோரிடத்தில் இயங்கியும் இருக்கலாம் என்பது அங்கே கண்ணெதிரே நிறுவப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டு ஒன்றினால் ஒரு பொதுவிதியை நிறுவ முடியாது. ஆனால் ஓர் எதிர்ச்சான்றினால் பொதுவிதியை வீழ்த்த முடியும். இயற்கையிலிருந்து கட்டளையைப் பெறலாகாது என்று கூறியபின்னும் இயற்கையை நோக்குதல் பயனுடைத்து என்பதற்கு இதுவே காரணம். அது அறத்தைக் கற்பிப்பதில்லை. அறமின்மைக்குச் சொல்லப்படும் பொய்க்காரணங்களை அம்பலப்படுத்த உதவுகிறது.

இடம் என்னும் சொல் இங்கு வெறும் உருவகமன்று. லயம் எந்தச் சரிவில் அமைய வேண்டும் என்பதை அங்கு வாழ்வோர் தீர்மானித்ததில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதைந்தன. அச்சரிவு இடருக்குரியது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்கும் இடமாற்றத்துக்கும் இடையே வேண்டியிருந்தது, அம்மக்களின் குரலுக்கு உரிய கனம். அது இல்லாதபோது இடமே விதியாயிற்று.

இந்நிலை தமிழருக்கு மட்டும் நேர்ந்ததென்று கொள்ளுதலும் தவறாகும். மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய வெல்லஸ்ஸ என்னும் பெயர்க்கு இலட்சம் வயல்கள் என்பது பொருள். 1817 - 1818 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர்க்கு எதிராக எழுந்த ஊவா வெல்லஸ்ஸ எழுச்சி ஒடுக்கப்பட்டபோது, வயல்களும் வீடுகளும் எரியூட்டப்பட்டன, நீர்ப்பாசனம் சிதைந்தது. ஒருகாலத்தில் நெல் விளைந்த நிலம் பின்னர் வறுமைக்குப் பெயர்பெற்றது. அதன் சிங்கள உழவர் திறனற்றவர் என்று எவரும் காட்டியதில்லை. அவர்கள் இருந்த இடம் பேசாதிருக்கச் செய்யப்பட்டது. தோட்டத்து லயமும் வெல்லஸ்ஸவின் பாழ்வயலும் ஒரே மாகாணத்தின் இரு வேறு அமைதிகள். 2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் ஊவா வெல்லஸ்ஸ என்னும் பெயரையே தாங்கியுள்ளமை இவ்வரலாற்றை நினைவூட்டுவதாகும்.

இனி, மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்றையும் ஆராய வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் செய்தல் இயலாது; வளம் அருகிய நாட்டில் எதையேனும் ஒதுக்கித்தான் வைக்க வேண்டும்; தன்னை ஒடுக்கிக்கொள்ளுதலைச் சான்றோர் பெருங்குணமாகவே போற்றினர்; திருக்குறளிலும் அடக்கமுடைமைக்கென ஓரதிகாரம் வகுக்கப்பட்டுள்ளது; அவ்வாறாயின் அடக்கத்தைக் குறைகூறுதல் எங்ஙனம் பொருந்தும் என்பர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பேராசைக்கு எல்லை வேண்டும் என்பதையும், நாளைக்கு வைத்து இன்று குறைத்து உண்ணுதல் அறிவுடைமை என்பதையும் மறுப்பார் இலர்.

இதற்குரிய விடை தமிழ் இலக்கணத்திலேயே கிடக்கிறது. அடங்குதல் தன்வினை, அடக்குதல் பிறவினை. அடக்கம் என்னும் பெயர்ச்சொல் இரண்டிற்கும் பொதுவாய் நிற்பதால் மயக்கம் விளைகிறது. திருவள்ளுவர் போற்றியது தன்னைத் தான் அடக்கியாளும் ஒருவனது குணத்தை. பிறனொருவனை அடக்கி வைத்துவிட்டு அவனிடம் காணப்படும் அமைதியை அவனது அடக்கமுடைமை என்று பாராட்டுதல் அதிகாரத்தின் பெயரைத் திருடுதலாகும். தாவரத்தினிடத்து நிகழ்வது, நுணுகி நோக்கின், தன்வினையே. செடி தன்னைத் தான் ஒழுங்கு செய்கிறது. அடக்குவதும் அதுவே, அடங்குவதும் அதுவே, பயன் துய்ப்பதும் அதுவே. இம்மூன்றும் ஒன்றாயிருக்கும்வரை அங்கு அநீதி என்னும் சொல்லுக்கே இடமில்லை. மூன்றும் வெவ்வேறு மாந்தராகப் பிரிந்தவுடன் அறவியல் வினா தோன்றிவிடுகிறது.

இவ்வேறுபாடு தோட்டத்தின் அன்றாடத் தொழில் முறையிலும் புலப்படும். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். வெட்டுண்ட செடி இலையின்றி நிற்கும் வாரங்களில் வேரிற் சேமித்த மாப்பொருளைக் கொண்டே மீண்டும் துளிர்க்க வேண்டும். ஆதலால் கவ்வாத்துக்கு முன்னர்ச் சிறிது காலம் கொழுந்து பறியாது செடிக்கு ஓய்வளிப்பதும், வேரைத் துண்டித்து அயடீன் கரைசலில் இட்டு மாப்பொருள் போதுமா எனச் சோதிப்பதும் ஆராய்ச்சியாளர் பரிந்துரைத்த முறைகள். 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஒரு செடி எவ்வளவு பறிப்பைத் தாங்கும், எப்போது அதனை விட்டுவிட வேண்டும் என்பதை ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்து வந்துள்ளது. வீ.பீ. தேயிலை எனப்படும் பதிய இனங்களில் ஒரு மலை முழுவதும் ஒரே தாய்ச்செடியின் பரம்பரையலகுகளைக் கொண்டதாயினும், மேட்டிலுள்ள செடியும் பள்ளத்திலுள்ள செடியும் ஒரே அளவு தருவதில்லை என்பதைக் கங்காணியும் அறிவார், துரையும் அறிவார். குறைவாகத் துளிர்த்த செடியை எவரும் சோம்பலுடையது எனப் பழிப்பதில்லை. மண்ணையும் நீரையும் காற்றையும் பற்றியே விசாரிப்பர்.

அச்செடியிற் பறிக்கும் பெண்ணைப் பற்றிய கணக்கோ வேறு. நாளின் இறுதியில் நிறை குறைந்தால் அரைப்பேர். காரணம் விசாரிக்கப்படுவது அருமை. கச்சான் காற்றில் கொழுந்து அருகும் மாதங்களில் கூடை நிறையாமை அவள் குற்றமன்று. அம்மாதங்களின் இலை மிக்க விலை பெறுவதும் அவள் அறியாததன்று. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, ஒரு நாளிற் பறிக்க வேண்டிய நிறை பற்றிய பிணக்கும் தோட்டங்களில் உடனெழுந்தது. கூலியைப் பற்றிய வழக்காக மட்டும் இதனைக் கருதுதல் போதாது. ஒருவரது தகுதியை அவர் ஆக்கிய பொருளின் அளவே காட்டும் என்னும் கொள்கை இதன் அடியிற் கிடக்கிறது. ஆக்கத்தைக் கூட்டுதலும் குறைத்தலும் உயிரின் இயல்பு என்று செடிக்கு அளிக்கப்பட்ட அறிவு, பறிப்பவளுக்கு அளிக்கப்படாதது ஏன்? அவள் செடியைப் போன்றவள் என்பதற்காக இவ்வினா எழுப்பப்படவில்லை. செடிக்குத் தரப்படும் கவனத்திலும் குறைந்த கவனம் மனிதருக்குத் தரப்படுமாயின், எந்த அறவியற் கொள்கையினாலும் அதனை நியாயப்படுத்த முடியாது என்பதற்காகவே எழுப்பப்படுகிறது.

அவ்வாறாயின் சமுதாயத்தில் எவ்வகை அடக்கமும் தகாததோ எனின், அதுவுமன்று. கூட்டு வாழ்வில் ஒவ்வொருவரும் சிலவற்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். தகுந்த அடக்கத்தைத் தகாத அடக்கத்திலிருந்து பிரித்தறிதற்கு மேற்கண்ட ஆய்விலிருந்து சில அளவைகள் பெறப்படுகின்றன. அடங்குவோர் அதற்குத் தாமே இசைந்தனரா? அவ்வடக்கத்தால் விளையும் நலனில் அவர்க்குப் பங்குண்டா? தேவை நீங்கியதும் அதனை மாற்ற வழியுண்டா? அதுவரை அவர்தம் ஆற்றல் கெடாது பேணப்படுகிறதா? இந்நான்கு வினாக்களுக்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின் அது கூட்டு வாழ்வின் ஒழுங்கு. ஒன்றுக்கேனும் இல்லை என்னும் விடை கிடைப்பின், காரணம் காட்டும் பொறுப்பு அடக்குவோரையே சாரும். அடங்கியிருப்போர் தம் தகுதியை முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்று கேட்டல் முறையன்று. 1948 இன் சட்டம் இவ்வினாக்கள் எதனையும் எதிர்கொள்ள வல்லதாக இருக்கவில்லை.

இவ்வளவைகளுள் இறுதியானது கல்விக்கூடங்களைச் சிறப்பாகச் சாருவது. இசைவும் பங்கும் மாற்றமும் அரசியலின் பாற்பட்டவை. அவற்றைப் பெறுதற்கு நெடுங்காலம் ஆகலாம். ஆயின் ஆற்றல் கெடாது காத்தல் ஆசிரியர் கையில் உள்ளது. மொனராகலையின் றப்பர்த் தோட்டத்துச் சிறுவனுக்கும் மடுல்சீமை மலையின் சிறுமிக்கும் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆளில்லாத பள்ளியொன்று, படியெடுக்கப்படாது விடப்பட்ட அலகுக்கு ஒப்பானது. பின்னொரு காலத்தில் கதவு திறக்கப்பட்டாலும் உள்ளே செல்வதற்கு எவரும் ஆயத்தமாயிரார். பல்கலைக்கழகத்தை எய்தியோர் தம்மைத் தகுதி மிக்கோர் என மட்டும் எண்ணாது, தகுதியோடு இடமும் வாய்த்தோர் என எண்ணுதல் உண்மைக்கு நெருங்கியதாகும். அவ்வெண்ணம் உள்ளவரிடத்தே, இடம் வாய்க்காதோர்பால் ஒரு கடப்பாடும் உடன் தோன்றுதல் இயல்பு.

தாவரக் கலத்தை ஆராய்ந்தோர் பேசா அலகைக் கண்டபோது, அது பயனற்றது என்று முடிவு கட்டி ஆய்வை நிறுத்தவில்லை. அது ஏன் பேசவில்லை, எவ்விடத்தில் பேசும், எப்பருவத்தில் பேசும் என்று வினவினர். 1934 இல் தொடங்கிய அவ்வினா எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்தது. மனிதரின் பேசாமையைக் காணும்போதும் அதே வினாவை அதே பொறுமையோடு எழுப்புதல் கற்றோர் கடனாகும்.